ஜெயித்தவன் பேர்

பைனி கிரீக் ஊரில் புதிதாகக் கட்டிய பந்தய மைதானத்தில் அன்று முதல் கார்ப் பந்தயம். வயிற்றுவலியால் எழுந்திருக்கவே முடியவில்லை என்று காலையில் சர்ச்சுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மத்தியானம் ஆர்வில் ஹனிகட் பந்தயக் காருக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

ஆர்வில் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த ஆள். காணிக்கைத் தட்டை அவன்தான் ஏந்திக்கொண்டு போவான். தலை நரைக்கும்வரை காத்திருந்து வாங்கிய பதவி. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் போகிற எவனும் இனி டீக்கன் பெஞ்சில் உட்கார முடியாது என்று பாஸ்டர் கிரிக்ஸ்பி பிரசங்கத்தில் அடித்துச் சொன்னபோது, ஓங்கி ஆமென் சொன்னவர்களில் ஆர்விலும் உண்டு. ஆனால் புதுத் தாரின் வாசனை காற்றில் அவன் வீட்டு ஜன்னல்வரைக்கும் வந்துவிட்டதே, மனுஷன் என்ன செய்வான்?

ஆகவே மச்சினன் கிளீட் யார்பரோ பெயரில் ஓட்டுவதென்று ஏற்பாடு. கார் கிளீட்டுடையது, பதிவும் அவன் பெயரில். ஹெல்மெட்டும் கண்ணாடியும் மூக்கை மூடிக் கட்டிய கைக்குட்டையும் போட்டுக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முடிந்ததும் காரை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் போய் ஆள் மாறிக்கொள்ள வேண்டியது.

"மச்சான், பத்தாவதோ பதினஞ்சாவதோ வா, போதும். எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்," என்றான் கிளீட்.

"உன் ஓட்டை வண்டிக்கு அதுவே அதிகம்டா மாப்ள."

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டது. பாஸ்டர் கிரிக்ஸ்பி! பந்தயத்துக்கு முன் ஜெபிக்க மைதானக்காரர் அவரையே கூப்பிட்டிருந்தார். முதலில் மாட்டேன் என்றாராம். வரப்போகிற கூட்டத்தின் அளவைச் சொன்னதும் மனசு மாறிவிட்டது. அத்தனை பாவிகள் தாமாகவே டிக்கெட் வாங்கி வந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆர்விலுக்கு இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

"கர்த்தாவே, இந்தச் சத்தம் உமக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பிள்ளைங்க கழுத்தை முறிச்சுக்காம காப்பாத்தும். எங்க டீக்கன் ஆர்வில் பாவம், வீட்ல வலியில துடிக்கிறார். அந்த நல்ல மனுஷனையும் சுகமாக்கும்."

கூட்டம் ஆமென் என்றது. பழக்க தோஷத்தில் ஆர்வில் எல்லோருக்கும் மேலே சத்தமாகச் சொல்லிவிட்டான்.

பக்கத்து வண்டியிலிருந்து டாயல் ஸ்டம்ப் எட்டிப் பார்த்தான். வட்டாரத்தில் யாரும் முந்த முடியாத ஆள். "என்னய்யா கிளீட், இப்பவே பயந்துட்டியா?"

கொடி அசைந்தது. அவசர அவசரமாகப் போட்ட தார் வெயிலில் கருகிய தோசை மாதிரி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. ஒருத்தனுக்கு டயர் வெடித்தது, இன்னொருத்தன் ரேடியேட்டரில் கல் வாங்கினான். மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஆர்வில் அடக்க ஒடுக்கமாக நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த அடக்கமே வினையாகப் போயிற்று. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, கடைசிச் சுற்றில் பார்த்தால் முன்னே டாயல் மட்டும்தான்.

ஓரத்தில் கிளீட் இரண்டு கையையும் ஆட்டி, மெதுவா போ மெதுவா போ என்று குதித்தான். ஆர்விலும் அடங்கத்தான் பார்த்தான். டாயல் சும்மா போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கிராதகன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டா காட்டினான்.

கடைசித் திருப்பத்தில் தார்த் துண்டுகளைப் பார்த்து டாயல் வேகத்தைக் குறைத்தான். ஆர்வில் குறைக்கவில்லை. திருப்பத்துச் சரிவில் சுவரை ஒட்டி மேலே ஏறி, ஆக்ஸிலேட்டரை மிதித்த காலை எடுக்காமல் அவனைத் தாண்டிப் போய்விட்டான்.

பத்தாவதாக வந்தால் என்ன செய்வது என்று திட்டம் இருந்தது. முதலாவதாக வந்தால் என்ன செய்வதென்று இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

"யோவ் மச்சான், என்னய்யா பண்ணித் தொலைச்ச?" லாரிக்குப் பின்னால் கிளீட் அலறினான். ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, காரை மேடைக்கு ஓட்டிப் போனான். ஆர்வில் ஓடிப்போய் வேலியோரம் கூட்டத்தில் நின்றுகொண்டான்.

மேடையில் பரிசளிப்புக்கு வந்திருந்த அழகுராணி கிளீட்டுக்கு முத்தம் கொடுத்தாள். போகட்டும் என்று ஆர்வில் விட்டான். கோப்பையைக் கொடுக்கச் சொல்லி பாஸ்டரையே மேடையில் ஏற்றியிருந்தார்கள். அவர் கையால் கிளீட் அதை வாங்கினான். அதையும் ஆர்வில் பொறுத்துக்கொண்டான். பிறகு அறிவிப்பாளர், கடைசித் திருப்பத்தில் எப்படி முந்தினீர்கள் என்று மைக்கை நீட்டினார்.

"கொஞ்சம் பயம்தாங்க," என்று இளித்தான் கிளீட். "காலை லேசா எடுத்து, பிரேக்கையும் தொட்டேன். டாயல் தானா வழுக்கினாப்ல. ஏதோ அதிர்ஷ்டம்."

அவ்வளவுதான். ஆர்வில் வேலியைத் தாண்டிவிட்டான்.

"டேய்! காலை எடுக்கலடா! பிரேக்கைத் தொடவே இல்லடா! வழுக்கினானாம்ல, வழுக்கினான்! சுவரோரமா ஏறி முந்துனதுடா அது!"

மைக் எல்லாவற்றையும் வாங்கி ஊருக்கே சொன்னது. பாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்த கிளீட்டின் பளிச்சென்ற முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியும் கைக்குட்டையும் இருந்த இடம் மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் கரியாக இருந்த டீக்கனைப் பார்த்தார்.

"பிரதர் ஆர்வில்?"

"ஆமாங்க ஐயா."

"வயித்துவலின்னு சொன்னீங்க?"

"பொய்ங்க ஐயா. ஓட்டுனது நான்தான். காலையே எடுக்காம."

"இனி டீக்கன் பெஞ்சுல உங்களுக்கு இடமில்ல. தெரியுதா?"

அந்த பெஞ்சை ஆர்வில் நிஜமாகவே நேசித்தான். "தெரியுதுங்க ஐயா," என்றான். அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஜெயிச்சவன் பேரை மட்டும் மாத்திச் சொல்லச் சொல்லுங்க ஐயா," என்றான்.

பாஸ்டர் அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று வாங்கி, ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லுகிற அதே குரலில் முழங்கினார்: "முதல் பரிசு, ஆர்வில் லெமுவேல் ஹனிகட்!"

கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலையே எடுக்காம," என்றும் சேர்த்துக்கொண்டார்.