வீட்டில் ஒரே ஆள்

“இத்தனை வருஷமா நீ எங்கதான்டி இருந்தே?”

நிக்கோலா இதைக் கேட்டபோது எனக்கு இருபத்தேழு வயது. 2003, அக்டோபர். பள்ளியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தவள், இப்போது வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். கடன் பதிவேட்டில் என் பெயரைத் தட்டிப் பார்த்ததில் ஒன்றுமே வரவில்லை.

“எங்கயும் போகல. அதே வீடுதான். அம்மாகூட.”

“எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலையே. கெட்ட பேரா இருந்தாக்கூட ஏதாவது பண்ணலாம். உனக்குப் பேரே இல்ல, கெரி.”

கிளீத்தோர்ப்ஸில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால், கம்பளி நூல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதைத்தான் கேட்டுப் போயிருந்தேன். படுக்கையறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல்கள் காத்து நிற்பது தெரியும். குளியலறையை மாற்றிக்கொண்டிருந்தார்கள், கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் குடிபோக முடியும். அதற்குள் உன் கிரெடிட் ஸ்கோரைத் தேற்றிவிடு என்றாள் நிக்கோலா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு மறுபடியும் மார்க்கா என்று நினைத்துக்கொண்டேன்.

“போன் பில் யார் பேர்ல?”

“அம்மா பேர்ல. நான்தான் கட்டுறேன்.”

“கேட்டலாக்ல வாரத் தவணைக்குத் துணி வாங்குவீங்களே, அது?”

“அம்மா பேர்ல. நான்தான்...”

“உன் காசு, உங்கம்மாவுக்கு நல்ல பேரு. பிரமாதம். ஜேனிஸ் அத்தைக்கு இந்நேரம் பாங்க்ல மாலை போட்டு வரவேற்பாங்க.”

ஒரு தாளை எடுத்து வேகமாக எழுதினாள். போனை என் பெயருக்கு மாற்ற வேண்டும். சின்ன வரம்பில் ஒரே ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, அதில் ரொட்டியும் பாலும் வாங்கி, மாதம் முடிவதற்குள் முழுசாகக் கட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அது இல்லாமல் எவனும் என்னை நம்ப மாட்டான். டிசம்பர் முதல் தேதி புதுப் பட்டியல் வரும். வீட்டுக்குப் படிவம் வந்திருக்குமே, அதில் ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியில்தான் வில்லங்கம் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தலைவரி வந்த ஆண்டில் எனக்குப் பதினாலு வயது. வீட்டில் எத்தனை பெரியவர்களோ அத்தனை தலைக்கும் வரி. அம்மா வரிப் பட்டியல் படிவத்தில் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள். அப்பா அப்போது அவளுக்கு எதிரே உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவில் அந்த வருடம் பாதி ஆண்கள் இப்படித்தான் காணாமல் போனார்கள். சாயங்காலம் எல்லோரையும் மதுக்கடையில் பார்க்கலாம்.

கவுன்சிலிலிருந்து சரிபார்க்கிற ஆள் அட்டையும் பேனாவுமாக நாலு மணிக்கு மேல் வருவான். நவம்பரில் நாலு மணிக்கே எங்கள் ஊர் இருட்டிவிடும். தெருமுனை வீட்டு ஷீலா தன் நாயை இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதுதான் எச்சரிக்கை. உடனே அம்மா விளக்கை அணைப்பாள். மூன்று பேரும் சோபாவுக்குப் பின்னால் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொள்வோம். தொலைக்காட்சியை அணைத்தால் படம் சுருங்கும் ஒளி ஜன்னலில் தெரிந்துவிடும் என்று சத்தத்தை மட்டும் குறைத்துவிடுவார் அப்பா. ஊமையான வினாடி வினா நிகழ்ச்சிக்கு அவரே கிசுகிசுவென்று குரல் கொடுப்பார்.

“அடுத்த கேள்வி, சீமாட்டி ஜேனிஸ் மார்ஃப்ளீட் அவர்களுக்கு. இந்த வீட்டில் டெரெக் என்று யாராவது உண்டா?”

“கேள்விப்பட்டதே இல்லீங்க.”

“சரியான விடை! பரிசாக ஒரு மீன் துண்டு!”

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைக் கடிப்பாள். கதவு இன்னொரு முறை தட்டப்படும். எங்களுக்கு நடுவே காகிதத்தில் ஹேடாக் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆறிக்கொண்டிருக்கும். வினிகர் நெடி மூக்கில் ஏறும். நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு நெருக்கமாக அதற்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத இடத்தில் நாங்கள் மட்டும் சேர்ந்து இருக்கிறோம் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

பிப்ரவரியில் அப்பா நிஜமாகவே போய்விட்டார். படகுகளுக்குச் சமையல் செய்யும் ஒருத்தியோடு, ஸ்காட்லாந்துப் பக்கம்.

“அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டது ஒரே ஒரு தடவைதான்,” என்று அம்மா ஷீலாவிடம் சொன்னாள். “இங்க இல்லைன்னு எழுதுனேன். இல்லாமலே போயிட்டான்.”

அதன்பின் நான் பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். அதைக் கேட்க வந்த அதிகாரிக்கும் நாங்கள் கதவைத் திறக்கவில்லை. தலைவரி ஒழிந்து வேறு வரி வந்தது. அதில் வீட்டில் பெரியவர் ஒரே ஆள் என்றால் கால் பங்கு தள்ளுபடி. அம்மாவுக்கு அது நியாயமாகவே கிடைத்தது, எனக்குப் பதினெட்டு ஆகும்வரை. அதற்குப் பிறகும் அவள் ஒரே ஆள் என்றே எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக நான் அந்த வீட்டில் மீன் ஆலை வேலையிலிருந்து நாற்றத்தோடு வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கி, இல்லாமல் இருந்தேன்.

நிக்கோலா சொன்னதை அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். பிங்கோ ஆட்டக் கூடத்தில் நாள் முழுக்கத் தேநீர் ஊற்றிவிட்டு வந்து, கால்களை வெந்நீரில் வைத்திருந்தாள்.

“உன் பேரை எழுதுனா மறுநாளே கவுன்சில் வரி ஆபீஸ்காரன் கேப்பான், யாரிந்தப் பொண்ணு, வானத்துலேர்ந்து குதிச்சாளான்னு. ஒன்பது வருஷத்துக்கும் திருப்பிக் கட்டச் சொல்லுவான்.”

“நான் கட்டுறேன்மா. கொஞ்சம் கொஞ்சமா.”

“கோர்ட்டுக்கு இழுத்தா? பிங்கோவுல என்னை வெச்சிருப்பாங்களா? காசுப்பெட்டி என் கையில இருக்குடி.” தண்ணீரில் காலை ஆட்டினாள். “நீ போனப்புறம் நான் எழுதுறது உண்மையாயிடும். அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?”

“எழுதுனாத்தாம்மா போகவே முடியும்.”

அம்மா காலை வெளியே எடுத்தாள். துண்டை எடுத்துத் தரச் சொன்னாள்.

படிவத்தைத் தவிர்த்து மற்றதையெல்லாம் செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். போனை என் பெயருக்கு மாற்றினேன். ஒரு கார்டுக்கு மனு போட்டேன், மறுத்துக் கடிதம் வந்தது. இன்னொன்றுக்குப் போட்டேன். பிறகு இன்னொன்றுக்கும், கடைசியாக ஒரு துணிக்கடைக் கார்டுக்கும். ஆலையில் மேற்பார்வையாளரோடு பேசவே நடுங்குகிற நான், எழுத்தில் மட்டும் அவ்வளவு தைரியசாலி.

“நாலா?” நிக்கோலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஒவ்வொரு தடவை கேக்குறப்பவும் அதுல ஒரு தடம் விழும்டி. காசுக்கு அலையுறான்னு நினைப்பாங்க. ஒண்ணுமே இல்லாத இடத்துல இப்ப நாலு அழுக்குக் கால்தடம். இனிமே கையைக் கட்டிட்டு உக்காரு. அந்தப் படிவத்தை மட்டும் அனுப்பு. இன்னொரு ஜோடி அந்த வீட்டைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ எதையாவது காட்டணும்.”

படிவம் சமையலறைக் கடிகாரத்துக்குக் கீழே இருந்தது. அம்மா தன் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். இரண்டாவது வரி காலி. பேனா பக்கத்திலேயே கிடந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். என் பெயர், நானே எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது அவள் தலையில் போய் விழும் பெயர்.

வியாழக்கிழமை காலை எனக்கு விடுமுறை. அம்மா மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“நிக்கோலாகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்மா,” என்றேன்.

“எதை?”

“வீட்டை. அந்த ஜோடிக்கே குடுக்கட்டும். நான் இங்கயே இருக்கேன். எனக்கு இங்க என்ன குறை?”

குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று முயன்றேன். அது அவ்வளவு சரியாக வரவில்லை.

“அங்க ஜன்னல்லேர்ந்து கப்பல் தெரியும்னியே,” என்றாள்.

“எட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“எட்டிப் பாக்கணுமா?”

“கொஞ்சம்.”

கத்தியை வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்ப்பவள் போல வெகுநேரம் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவள் படிவத்தை எடுத்து வந்து ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். பேனாவை இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டாவது வரியில், கட்டம் கட்டமாக, பெரிய எழுத்தில் எழுதினாள். கெரி ஆன் மார்ஃப்ளீட். ஆன் என்பதை நானே எங்கும் எழுதுவதில்லை. மை காயும்வரை ஊதினாள்.

இழுப்பறையைத் திறந்து அந்த ஆண்டின் வரிச்சீட்டை எடுத்தாள். தள்ளுபடி என்று அச்சிட்டிருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். அதையும் படிவத்தையும் ஒன்றாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். தபால்பெட்டி எங்கள் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. அவள் தலைக்குத் துணி கட்டி, தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் போடும் நீலக் கோட்டை மாட்டினாள். கவுன்சில் அலுவலகத்துக்குப் போகும் பேருந்து பத்தே காலுக்கு.

“அம்மா, நானும் வரட்டுமா?”

அவள் பொத்தான்களைக் கடைசிவரை போட்டாள். தடவி வைத்த ரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு முன்கதவை அகலத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தாள்.