முன்விறாந்தை வழியாக

"சத்தம் போட்டியெண்டால் அக்கான்ரை வாழ்க்கை போச்சு. விளங்குதோ?"

கனகாம்பிகை பின்னறைக் கதவைச் சாத்தி வெளிப்பக்கம் கொழுக்கியைப் போட்டாள். உள்ளே சில்லுக்கதிரையில் இளைய மகள் தனுஷிகா, பாடசாலையில் தன் விளையாட்டு இல்லத்தின் பச்சைச் சட்டையோடு இருந்தாள். பிள்ளையைப் பூட்டிய அதே கையால் தாய் சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள். நல்ல காரியத்தை எங்கள் ஊரில் இப்படித்தான் தொடங்குவார்கள்.

மூத்தவள் நிவேதனாவைப் பெண் பார்க்க வருகிற நாளிலேயே பாடசாலை விளையாட்டுப் போட்டியும் வந்துவிட்டது. தரகரிடம் ஒரே மகள் என்று சொல்லியாயிற்று. நடக்க முடியாத தங்கச்சி இருந்தால் அக்காவுக்கும் அப்படித்தான் பிள்ளை பிறக்கும் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது. டாக்டர் சொன்னாலும் ஊர் கேட்காது.

தனுஷிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது. போன வருடம்வரை விளையாட்டுப் பாடத்தில் அவளுக்கு ஒரே வேலைதான்: வேப்பமரத்தடியில் மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்குக் காவல். புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியர் லெனாட் சேர் அவளுடைய கதிரையை முளையடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஈட்டியைக் கையில் கொடுத்தார்.

"காலை மற பிள்ளை. தோளாலை எறி."

எறிந்தாள். அதன்பிறகு சப்பாத்துக் காவலுக்கு அவள் போகவேயில்லை. இன்றைக்குத்தான் முதல்தடவையாக ஊருக்கு முன்னால் எறிய வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாரின் வான் வாசலில் வந்து நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடிகள் மூடியே கிடந்தன.

"ட்றைவருக்கும் தேத்தண்ணி குடுத்துவிடட்டோ?" என்று கேட்டார் தகப்பன் சிவரூபன்.

"வேண்டாம்! வானடிக்கு ஒருதரும் போகவேண்டாம்," என்றாள் மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா. கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னாள்.

வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால் பாடசாலை மைதானம். பேச்சு சீதனத்தை நெருங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"இருந்தபடி ஈட்டி எறிதல். சிவரூபன் தனுஷிகா. முதலாவது அழைப்பு."

சிவரூபன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்கடை பேரெல்லோ சொல்லினம்? ஆரது?" என்றாள் இரத்தினம்மா.

"அது... வேறை ஆரோ பிள்ளை," என்றாள் கனகாம்பிகை.

பின்னறையில் சின்னச் சத்தம்கூட இல்லை. தாய் சொன்னபடி பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது.

"சிவரூபன் தனுஷிகா. இரண்டாவது அழைப்பு."

பலகாரத் தட்டோடு வந்த நிவேதனா அதை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். கொழுக்கி கழன்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வீட்டின் பின்பக்கம் படிகள். சில்லு உருள முன்விறாந்தைதான் வழி. பட்டுச்சேலையோடு தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒருக்காக் காலை மடக்குங்கோ, அன்ரி. என்ரை தங்கச்சி போகவேணும்."

இரத்தினம்மா தன்னையறியாமல் காலை மடக்கினாள். அவளுக்குப் பேச்சு வந்தபோது கதிரை முற்றத்தில் இறங்கிவிட்டது.

"ஒரே மகளெண்டு சொல்லி எங்களை ஏமாத்தினனீங்களோ? எழும்பு தம்பி, போவம்!" என்று மகனைக் கிளப்பினாள்.

பெரியவர்கள் வாசலுக்கு ஓடிவந்தபோது, வானின் கறுப்புக் கண்ணாடி மெல்லக் கீழிறங்கியது. உள்ளே ஒரு இளம்பெண். மாப்பிள்ளையின் அதே புருவம், அதே மூக்கு. விரல்கள் முறுகி மடியில் கிடந்தன. பச்சைச் சட்டையை ஆசையோடு பார்த்தாள்.

"எ... எங்கை போறியள்?"

"ஈட்டி எறிய," என்றாள் தனுஷிகா. "நீங்களும் வாறியளோ?"

"கண்ணாடியை ஏத்தடி!" என்று கத்தினாள் இரத்தினம்மா.

ஒலிபெருக்கி மூன்றாவது தடவை அழைத்தது. "வாறன் சேர்!" என்று ஒழுங்கையே அதிரக் குரல் கொடுத்தாள் தனுஷிகா. நிவேதனா கதிரையை ஓட்டமாகத் தள்ளினாள்.

கனகாம்பிகை வானுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது ஆர்?"

இரத்தினம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அது... வேறை ஆரோ பிள்ளை."