வல்லை வெளியில் குடித்த தண்ணீர்

பழைய மாணவிகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை சைக்கிளில் போய்த் திரும்புவதென்று முடிவெடுத்தவள் கஜானிதான். "ஒவ்வொருத்தரும் ரெண்டு போத்தில் தண்ணி கொண்டு வாங்கோ, தாகம் வர முந்தியே குடியுங்கோ" என்று வட்ஸ்அப்பில் மூன்று தரம் எழுதியிருந்தாள்.

சித்திரை வெயில். திரும்பும்போது பதினொரு மணியாகிவிட்டது. மற்றவர்கள் முன்னே போய்விட, பின்தங்கிய தர்சினியோடு கஜானி வந்தாள். தர்சினிக்கு இதுதான் முதல் நீண்ட சைக்கிள் ஓட்டம்.

நெல்லியடியில் தர்சினி கேட்டாள். "அக்கா, கடையிலை நிப்பமே? ஒரு போத்தில் முடிஞ்சுது."

"மற்றதிலை இருக்குத்தானே? நிண்டா கால் இறுகிப்போடும். வா."

தன்னுடைய இரண்டு போத்தல்களும் காலி என்பதைக் கஜானி சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் புத்தி சொன்னவளே தண்ணீர் வாங்க நிற்பதா என்ற வீம்பு.

வல்லை வெளியில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. எதிர்க்காற்று அனலாக அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபோது கஜானி சைக்கிளை நிறுத்தினாள்.

"உதிலை ஒரு வாய் தா."

தர்சினி நீட்டிய போத்தலில் ஒரு வாய் என்றுதான் தொடங்கினாள். போத்தலை இறக்கியபோது அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். தர்சினி அதைப் பார்த்தாள். வாங்கி மூடியை இறுக்கிக்கொண்டாள்.

புத்தூரை நெருங்கும்போது அவளுடைய சைக்கிள் தள்ளாடியது. "அக்கா, எனக்குக் குளிருது" என்றாள். வேர்வையே இல்லாமல் முகம் சிவந்து கிடந்தது. அது வெப்பத் தாக்கத்தின் அறிகுறி என்று கஜானிக்குத் தெரியும். ஆனாலும், "இன்னும் கொஞ்சம்தான்" என்றாள். அடுத்த நிமிடம் தர்சினி வெங்காயத் தோட்டத்தின் ஓரமாக விழுந்தாள்.

தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இராசநாயகம் என்பவர் ஓடி வந்தார். இருவரும் அவளை நிழலுக்குத் தூக்கினார்கள். அவர் குழாயை இழுத்து வந்து அவள் உடம்பெல்லாம் நனைத்தார்.

"இந்த வெயிலுக்கை தண்ணி குடுக்காமல் ஆர் பிள்ளை இவவைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

கஜானி போனை எடுத்து அம்புலன்ஸுக்கு அழைத்தாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் தர்சினியின் கணவன் பிரவீணன் கஜானியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்கள் பக்கத்திலை நிண்டபடியால்தான் அக்கா இவள் தப்பினவள்." அவன் அழுதான். கஜானி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்து இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வட்ஸ்அப்பிலோ பாராட்டுக்கு மேல் பாராட்டு.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போய், இருவருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். நெல்லியடியில் நிற்காமல் வந்ததை, குடித்த தண்ணீரை, குளிருது என்று தர்சினி சொல்லியும் தொடர்ந்து மிதிக்க வைத்ததை.

பிரவீணன் கதிரையை விட்டு எழுந்தான். "அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றுவிட்டு வெளியே போனான்.

தர்சினி மெல்லச் சொன்னாள். "நீங்கள் கேக்கேக்கை மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை அக்கா. உங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சன்."

திட்டியிருந்தால் கஜானி தாங்கியிருப்பாள்.

அன்றே குழுவில் நடந்ததை எழுதி, இனி வேறு யாராவது தலைமை தாங்கட்டும் என்றாள். தர்சினி தேறி வீட்டுக்கு வந்தாள். இப்போதும் இடைக்கிடை போனில் கதைப்பாள். பிரவீணன் மட்டும் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கஜானி அவனைக் குறை நினைப்பதில்லை.