அஞ்சாவது பேரு செவப்புல வந்துச்சு

"அதான் சொல்றேன்ல ரோஜா, ரெண்டு தடவ எஸ்கேப் பட்டன அமுக்கு, அம்புட்டுத்தான். நீதான் மொதலாளி!"

மாரிசெல்வி இப்பிடிச் சொன்னதும் பக்கத்து சீட்டு ரோஜாவுக்கு வாயில போட்ட முறுக்கு அப்பிடியே நின்னுருச்சு. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவுல ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல நடந்த பேச்சு இது. ரெண்டாயிரத்து ஏழு. தீபாவளிக்கு ரெண்டு மாசம் கெடக்கு, மூச்சு விட நேரமில்லாத சீசன்.

விசயம் என்னன்னா, மொதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி அந்த வருசம் லட்சக்கணக்குல கொட்டி ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தாக. சம்பளம், வரவு செலவு, ஆர்டர் எல்லாமே அதுலதான். மாரிசெல்வி அவ பேர்ல உள்ள போனா வேலைக்கு வந்த ஆள் பேர ஏத்தலாம், சம்பளச் சீட்டு அச்சடிக்கலாம். திருத்துறது, அழிக்கிறது, அனுமதி குடுக்கிறதெல்லாம் மொதலாளி பாஸ்வேர்டுக்கு மட்டும். ஆனா சீட்டு அச்சடிக்க எல்லாக் கணக்கையும் படிக்கணும்ல? அதுக்காக அந்த சாப்ட்வேர் ஒரு நிமிசம் மொதலாளி அதிகாரத்த வாங்கி வச்சுக்கிடும். நடுவுல நிறுத்துனா திருப்பிக் குடுக்க மறந்துரும்! பிரிண்டர்ல பேப்பர் சிக்குன ஒரு நாளு, பதறிப்போயி எஸ்கேப்ப ரெண்டு தட்டு தட்டினா மாரிசெல்வி. ஸ்கிரீன்ல மங்கிக் கெடந்த மொதலாளி பட்டனெல்லாம் பளிச்சுன்னு முழிச்சுக்கிருச்சு.

"ஏ புள்ள, இத அண்ணாச்சிகிட்ட சொல்லணும்ல?"ன்னா ரோஜா.

"சொன்னா அடைச்சிருவாக. அப்புறம் ஒரு எழுத்து திருத்தணும்னாலும் அவுக ரூம் வாசல்ல அரை மணி நேரம் கால் கடுக்க நிக்கணும். ஆசையா இருந்தா நீ போயி நில்லு."

ரோஜா முறுக்க மென்னு முழுங்கிட்டா. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

அந்த வாரமே போர்மேன் அய்யாதுரை ஆபீசுக்குள்ள வந்தாரு. பின்னாலயே குருவம்மா. கம்பெனி வேன்ல மல்லாங்கிணறுல இருந்து மாரிசெல்வி கூடவே வர்றவ. வேன்ல பாட்டுச் சத்தத்துக்கு மேல அவ சிரிப்புச் சத்தம் கேக்கும். இன்னைக்குச் சிரிப்பக் காணோம். ரெண்டு கையும் பட்டாசு மருந்து அப்பி வெள்ளி மாதிரி மின்னுது.

"ஏத்தா மாரி, பதினாலாம் ரூம்ல இவளையும் சேத்து ஏத்து. ஆர்டர் கழுத்த நெரிக்குது"ன்னாரு அய்யாதுரை.

"ஏத்துனேன்ணே. ரூமுக்கு நாலு பேருதான் விடுது. அஞ்சாவது பேரு செவப்பா வருது. மொதலாளி அனுமதி வேணுமாம்."

"அவுகள எதுக்குத்தா தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீயே எதாச்சும் பாரேன்."

குருவம்மா மேசைக்கிட்ட வந்தா. "ரெண்டு நாளு வேல பாத்தாச்சு தாயி. செவப்போ கருப்போ, நான் பாத்த வேல பாத்ததுதான? சனிக்கெழம கூலி இல்லன்னா என் புள்ளைக மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

மாரிசெல்விக்கு மனசு தாங்கல. ரூமுக்கு நாலு பேருன்னு எவனோ கவர்மெண்ட் ஆபீசர் எழுதி வச்சான், அதுக்குப் போயி ஒரு பொம்பள கூலி போகணுமா? சீட்டு அச்சடிக்கப் போட்டா. ரெண்டு தட்டு. செவப்பு கருப்பாச்சு. பக்கத்துல 'அனுமதித்தவர் லட்சுமிகாந்தம்'னு தானா விழுந்துச்சு.

"இருக்கன்குடி மாரியாத்தா உன்னக் கண்ணு தொறந்து பாப்பா"ன்னு சொல்லிட்டு குருவம்மா ஓடுனா. அன்னைக்கு இருந்து பதினாலாம் ரூமுக்கு தெனம் அஞ்சு பேரு. அய்யாதுரையும் தெனம் ஆபீஸ் சன்னல்ல தலைய நீட்டி, "ஏத்திட்டியாத்தா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு.

மூணாவது வெள்ளிக்கெழம, காலைல பதினோரு மணி. சத்தம் காதுல விழுறதுக்கு முன்னால ஆபீஸ் கண்ணாடி மாரிசெல்வி மடில விழுந்துச்சு.

பதினாலாம் ரூம்ல இருந்து நாலு பேரு தீக்காயத்தோட வெளிய ஓடி வந்துட்டாக. அஞ்சாவது ஆளு வரல. குருவம்மா.

சாயங்காலம் புகை அடங்குன பெறகு மாரிசெல்வி மொதத் தடவையா ரூம் பக்கம் போனா. ஆபீஸ் புள்ளைகள அங்கன விடவே மாட்டாக. இடிஞ்சு கெடந்த பதினாலுக்கு அடுத்த ரூமப் பாத்தா, நாலு பக்கமும் நாலு வாசல்.

"எதுக்குண்ணே இம்புட்டு வாசல்?"

அய்யாதுரை தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஆளுக்கு ஒண்ணுத்தா. தீப்பொறி தட்டுனா அவுகவுக வாசல்ல பாஞ்சிரணும். இவ நடுவுல உக்காந்திருந்தா. எந்தப் பக்கம் ஓடன்னு திரும்புறதுக்குள்ள..."

அந்த செவப்பு எழுத்து என்ன சொல்லிச்சுன்னு மாரிசெல்விக்கு அப்பத்தான் புரிஞ்சிச்சு. அஞ்சாவது ஆளுக்கு வாசல் இல்லன்னு சொல்லிருக்கு. கூவிக் கூவிச் சொல்லிருக்கு!

"தெரிஞ்சேவா ஏத்தச் சொன்னீக?"

அவரு கொரலத் தாழ்த்துனாரு. "நாளைக்கு விசாரணைக்கு கவர்மெண்ட் ஆபீசர் வாராக. குருவம்மா வேலைக்கே வரல, அந்த ரூம்ல வேல பாத்த வீரலட்சுமிக்குச் சோறு குடுக்க வந்த எடத்துல மாட்டிக்கிட்டான்னு அண்ணாச்சி சொல்லப்போறாக. ஏத்துன கையாலயே பேர எறக்கிரு."

"பேரு இல்லாட்டி நட்டஈடு ஒத்தப் பைசா வராதேண்ணே. மூணு புள்ளைக இருக்கு."

"உன் கதி என்னாகும்னு பாரு மொதல்ல. அனுமதி குடுத்ததா அவுக பேரு இருக்கு. அவுக குடுக்கல. அப்ப மொதலாளி கணக்குக்குள்ள பூந்தது யாரு? கம்பி எண்ணணுமா?"

சொல்லிட்டுப் போயிட்டாரு. மாரிசெல்வி கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்காந்தா. ரெண்டு தட்டு. குருவம்மா பேரு மேல வந்து நின்னா. அழிக்கவான்னு கேட்டுச்சு. வெளிய குருவம்மா புருசன் தங்கச்சாமி, "அவ செருப்பாவது குடுங்கய்யா"ன்னு வாட்ச்மேன்கிட்ட கெஞ்சுற சத்தம் கேக்குது. வேண்டாம்னு அமுக்கிட்டு, பதினாலாம் ரூம் கணக்கு மூணு வாரத்தையும் அச்சடிச்சு எடுத்தா. அண்ணாச்சி கண்ணுல படாம பைக்குள்ள வச்சுக்கிட்டா.

மறுநாளு ஆபீசர் முன்னால, அண்ணாச்சி முன்னால, அந்தத் தாளை நீட்டிட்டு, அதே ரெண்டு தட்டையும் தட்டிக் காமிச்சா.

"இது தொறந்து கெடக்குன்னு எனக்கு ஒரு மாசமாத் தெரியும் சார். எனக்கு வசதியா இருக்குன்னு வாயப் பொத்திக்கிட்டேன். என்னைய மறிக்கப் போட்ட பூட்டுன்னு நெனச்சேன். அது குருவம்மா மதினி உசுருக்குப் போட்ட பூட்டு சார்."

அண்ணாச்சிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "திருட்டுக் கழுத, என் பேர்ல நீ கையெழுத்துப் போட்டியா?"ன்னு கத்துனாக.

ஆபீசர் தாளுல இருந்து கண்ண எடுக்காம கேட்டாரு: "சாப்ட்வேர்ல ஓட்டை இருந்துச்சு, சரி. ரூமுக்குள்ள அஞ்சு பேரு உக்காந்திருந்தது உங்க கண்ணுக்குமா தெரியல?"

கேஸ் மூணு பேரு மேலயும் விழுந்துச்சு, அண்ணாச்சி, அய்யாதுரை, மாரிசெல்வி. வேலையும் போச்சு. குருவம்மா பேரு ரெக்கார்டுல நின்னதால நட்டஈடு வந்து சேந்துச்சு. ஜாமீன்ல வந்த மறுநாளு மாரிசெல்வி தங்கச்சாமி வீட்டுக்குப் போனா. நல்ல வார்த்த ஒண்ணு கெடைக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆச இருந்துச்சுன்னுதான் சொல்லணும்.

தங்கச்சாமி உக்காரச் சொல்லல. "உண்மையச் சொன்ன தாயி, நல்லாருப்ப. ஆனா ஒரு மாசம் பிந்திச் சொன்ன. மொத நாளே சொல்லிருந்தா, அந்த வாரம் அவ கூலி இல்லாம வந்து உன்னத் திட்டித் தீத்திருப்பா. நாங்க கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்திருப்போம். எல்லாரும் படுத்திருப்போம்."

இதாங்க விசயம். ஒரு ஓட்டைய நல்லதுக்குத்தான பயன்படுத்துறோம்னு மறைச்சு வச்சா, அது நல்லவன் கெட்டவன்னு ஆள் பாக்காது. கண்ட அன்னைக்கே சொல்லிரணும், நமக்குக் கஷ்டம்னாலும் சொல்லிரணும். கேஸ் இன்னும் விருதுநகர் கோர்ட்டுல இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இப்ப நீங்க சொல்லுங்க, நீங்கதான் ஜட்ஜுன்னு வச்சுக்கோங்களேன், மாரிசெல்விய விட்டுருவீகளா, உள்ள போடுவீகளா?