புதுக் காரில் முதல் கால்

குப்பனுக்குக் கார் பிடித்துப்போனதுதான் அன்றைக்கு வந்த வினை. பிடிக்காமல் போயிருந்தால் 'இரும்பு டப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசாமல் ஏறி உட்கார்ந்திருப்பார். பிடித்துப்போகவே, படகுக்கு உண்டான மரியாதையை அதற்குக் கொடுத்துவிட்டார். படகின் மரியாதை வந்தால் படகின் சட்டமும் கூடவே வந்து தொலைக்கும். இதை அவருடைய மருமகள் கீதா யோசித்திருக்கவில்லை.

யோசிக்க அவளுக்கு நேரம் ஏது. ஏரிக்கரை ஊரான தோணிரேவிலிருந்து தினமும் மீஞ்சூருக்கு வந்து ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள் அவள். ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அவள் புருஷன் பூவரசனும் கூடத்தான் போனான். அவன் ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறவன். படகில் மோட்டாரின் பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் திரும்பும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதிலேயே ஊறிய கை, மாஸ்டர் லெஃப்ட் என்றால் ரைட்டில் ஒடித்தது. லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் இரண்டு தடவையும் வண்டி வேலியில் போய்த்தான் நின்றது. மூன்றாவது தடவை போக அவனுக்கு வெட்கம்.

கார் வாங்கும் எண்ணம் கீதாவுக்கு ஆசையில் வரவில்லை, கோபத்தில் வந்தது. அவள் மாமியார் பச்சையம்மா மீன் கூடையோடு பஸ் ஏறி மீஞ்சூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவள். போன மழைக்காலத்தில் ஒரு நாள், நாற்றம் தாங்கவில்லை என்று பஸ்ஸில் யாரோ முகத்தைச் சுளிக்க, கண்டக்டர் விசில் ஊதி அவளைச் சவுக்குத்தோப்பு நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அடுத்து வந்த பஸ் கூடையைப் பார்த்ததும் நிற்காமலே போனது. ஐஸ் கரைந்து மீன் கெட்டு, பச்சையம்மா நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். வியாபாரம் மந்தம் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். அதே பஸ்ஸில் வந்த கம்பெனித் தோழி ஒருத்தி சொல்லித்தான் கீதாவுக்கு விஷயமே தெரிந்தது.

அன்றிலிருந்து பச்சையம்மாவுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எங்கே கிளம்பினாலும் வாசலைத் தாண்டும் முன் முந்தானையை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள். கல்யாணத்துக்குப் போனாலும் பார்ப்பாள், கோயிலுக்குப் போனாலும் பார்ப்பாள். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கீதாவுக்கு வயிறு எரியும். தன் மாமியாரை இனிமேல் எவனும் நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்று அவள் முடிவு கட்டினாள். சீட்டு எடுத்து, லோன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, கடைசியில் மீஞ்சூரிலேயே ஒரு வெள்ளைச் சின்னக் காரைப் பிடித்தாள். வாங்கி வருஷம்கூட ஆகாத வண்டி. வடக்கே எங்கோ மாற்றலாகிப் போன பேங்க் அதிகாரி ஒருவர் விட்டுப்போனது. சீட்டின் மேல் போட்ட பாலித்தீன் உறைகூடக் கிழியவில்லை.

வண்டியை எடுக்கிற நாளன்று குடும்பமே கிளம்பி வந்தது. ஷோரூமின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. பச்சையம்மா உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று முந்தானையை மோந்தாள். கீதா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விற்பனைப் பிரிவில் இருந்த சிவசங்கர் நல்ல பிள்ளை. டை கட்டிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து காபி கொடுத்தான். காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்துவைத்து அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னான். குப்பன் காரை இரண்டு தரம் சுற்றி வந்தார். காரின் மூக்கைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படகின் முன்பக்கத்தைக் கும்பிடுகிற மாதிரி காரின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே கீதாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மாமாவுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சாவியை வாங்கி அவள் கதவில் கை வைத்தபோதுதான் குப்பன் வாயைத் திறந்தார்.

"நில்லும்மா. புதுப் படகுல மொத மீன் வுழுற வரிக்கும் பொம்பள கால் படக்கூடாது."

இது படகு இல்லை, கார் என்று கீதா சொல்லிப் பார்த்தாள். தண்ணீரில் போனால் என்ன, தார் ரோட்டில் போனால் என்ன, குடும்பத்துக்குச் சோறு போட வருகிற எதுவும் தனக்குப் படகுதான் என்றார் குப்பன். அவர் கத்தவில்லை, முறைக்கவும் இல்லை. குலசாமிக்குப் பொங்கல் வைக்கிற முகத்தோடு சொன்னார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பக்தியோடு பேசுகிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

பூவரசன் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னான். மார்க்கெட் பக்கத்தில்தான் இருக்கிறது, ஓடிப்போய் ஒரு மீனை வாங்கி வந்து வண்டிக்குள் போட்டுவிட்டால் போகிறது என்றான். குப்பன் மகனைப் பரிதாபமாகப் பார்த்தார். காசு கொடுத்து வாங்கிப் போடுகிற மீன் கணக்கிலேயே வராது, மீன் தானாக வந்து விழ வேண்டும் என்றார். சிவசங்கர் தன் பங்குக்கு உதவ வந்தான். ஷோரூமிலேயே டிரைவர் இருக்கிறார், வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்றான். குப்பனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வண்டி வீட்டில் வந்து நிற்கட்டும், பூவரசன் லைசென்ஸ் வாங்கின பிறகு ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

பூவரசன் தரையில் பதித்திருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு லைசென்ஸ் கிடைக்கிற காலத்துக்குள் டயர் மக்கிப்போகும் என்று அவனுக்கே தெரியும்.

"வுடு கீதா, பெரச்சினை பண்ணாத. நான் எப்பவும்போல பஸ்லயே போய்க்கறேன்" என்றாள் பச்சையம்மா. சொல்லிக்கொண்டே கை முந்தானைக்குப் போனது.

கீதா அந்தக் கையைப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டதும் இந்தக் கை அங்கே போகக் கூடாது என்றுதான். அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமாவின் சட்டத்துக்கு மாமாவின் சட்டத்திலேயேதான் பதில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பழைய கதை அவள் ஞாபகத்துக்கு வந்தது. குப்பனும் அவர் அண்ணனும் கூட்டாகப் படகு வாங்கிய கதை. கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் போதும், அந்தக் கதையை அவர் சொல்லாமல் விடமாட்டார்.

"மாமா, பெரிய மாமாவும் நீங்களும் படகு வாங்குனப்போ, மூத்தவன் நான்தான் மொதல்ல கால் வெப்பேன்னு அவரு நின்னாருல்ல. நீங்க இன்னா சொன்னீங்க?"

குப்பன் மீசையைத் தடவினார். அந்த இடம் வந்தால் அவர் குரல் எப்போதும் ஏறும்.

"சுக்கான் புடிக்கறவன் காலுதான் மொத காலு. மூத்தவன் எளையவன்லாம் கரையிலதான்னு சொன்னேன்."

"இந்த வண்டியில சுக்கான் யார் கையில மாமா?"

குப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் இன்னும் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். தானே போட்ட வலையில் தானே மாட்டிக்கொண்டதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சிவசங்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அந்தம்மா ஜெயித்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

ஆனால் குப்பன் பாதிதான் இறங்கி வந்தார். சுக்கான் பிடிக்கிறவள் ஏறலாம், அது நியாயம். பச்சையம்மா என்ன சுக்கானா பிடிக்கப்போகிறாள்? அத்தை ஏறாமல் வண்டி நகராது என்று கீதா சாவியை மடியில் கட்டிக்கொண்டாள். மாமனாரும் மருமகளும் மாலை போட்ட காருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தவள் பச்சையம்மாதான். கால் படக்கூடாது, அவ்வளவுதானே என்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். கால் தரையில் படவே இல்லை. குப்பன் குனிந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். அவருக்கும் அந்த நேரத்தில் ஒரு வழி தேவைப்பட்டது.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி ரோட்டுக்கு வந்தது. குப்பன் முன் சீட்டில், வீட்டு வாசலில் உடைக்க வேண்டிய தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் வருகிற லாரிகளையெல்லாம் முறைத்தார். கீதா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டினாள். ஓட்டுவது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடியில் மாமியார் தெரிந்தாள். அவளுக்காக வாங்கிய வண்டியில், யார் வீட்டிலோ இடம் கேட்டு ஒண்டிக்கொண்ட மாதிரி காலை மடக்கிக்கொண்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுவா நான் ஆசைப்பட்டது என்று கீதாவுக்கு மனசு கசந்தது.

சவுக்குத்தோப்பு வந்ததும் நிறுத்தச் சொன்னாள் பச்சையம்மா.

இறக்கிவிட்ட இடத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை திட்டப்போகிறாள் போலிருக்கிறது, திட்டட்டும் என்று கீதா ஓரம் கட்டினாள். பச்சையம்மா கண்ணாடியை இறக்கி எதிர்ப்பக்க நிறுத்தத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அங்கே பசியாவரத்து மாலா கூடையோடு நின்றிருந்தாள். தீவிலிருந்து படகில் கரைக்கு வந்து, பஸ் பிடித்துச் சாயங்கால மார்க்கெட்டுக்குப் போகிறவள். கண்டக்டர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான் என்றாள். அதற்கப்புறம் வந்த பஸ்ஸும் நிற்கவில்லையாம். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாலா காரைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். அப்புறம் தன் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அக்கா, புது வண்டி. வேணாம், கவுச்சி அடிக்கும்" என்றாள்.

குப்பன் அதைப் பார்த்தார். தன் பெண்டாட்டி செய்து பலமுறை பார்த்த அதே காரியம்தான். என்னவோ பொம்பளைப் பழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தவர் அவர். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட கதை அவர் காதுக்கு வந்திருந்தாலும், அது எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று இப்போதுதான் கண்ணால் பார்த்தார். மடியிலிருந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சையம்மா விடவில்லை. பூவரசனை இறங்கிப்போய்க் கூடையை வாங்கி வரச் சொன்னாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார, ஈரம் அவன் புதுச் சட்டையெல்லாம் இறங்கியது. மாலாவும் தயங்கித் தயங்கி ஏற வந்தாள்.

"காலை மேல தூக்கி வெச்சிக்க. ஏன்னு இப்ப கேக்காத" என்றாள் பச்சையம்மா. மாலாவும் கேட்காமல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

ஊரில் ஆரத்தித் தட்டோடு காத்திருப்பார்கள், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று குப்பன் முனகினார். முனகலில் பழைய வேகம் இல்லை. மீன் ஏறின வண்டி மார்க்கெட்டுக்குத்தான் போகும் மாமா என்று சொல்லிக் கீதா வண்டியைத் திருப்பினாள்.

ரோடோ குறுகல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும்போது கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது. கூடை சரிந்தது. அதன் மேலாக இருந்த மடவை மீன் ஒன்று வழுக்கி, பூவரசனின் முழங்காலைத் தாண்டி, காலடியில் கிடந்த புது ரப்பர் விரிப்பின் மேல் தொப்பென்று விழுந்தது.

மாலா பதறி எடுக்கப் போனாள். குப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, திரும்பி மண்டியிட்டு, பின்பக்கம் எட்டி அந்த மடவையை இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிலிருந்து வடிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஸ்டியரிங்கிலும் டாஷ்போர்டிலும் கதவிலும் தெளித்தார். சிவசங்கர் வைத்துக்கொடுத்த வாசனைப் பாட்டிலின் மேலும் நாலு சொட்டு விழுந்தது. வண்டி முழுக்க ஏரி வாசம் அடித்தது.

"யாரும் போடல. தானா வுழுந்துச்சி, பாத்தியா" என்றார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"காலைக் கீழ வெய், பச்சை."

பச்சையம்மா உடனே வைக்கவில்லை. புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சம்மணத்தைப் பிரித்து, ஒரு காலை இறக்கினாள், மற்றதையும் இறக்கினாள். விரிப்பில் மீன் விழுந்த இடம் சில்லென்று ஈரமாக இருந்தது. அதன் மேலேயே பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டாள். மாலாவின் முழங்காலையும் தட்டி இறக்கச் சொன்னாள்.

கண்ணாடியில் இதைப் பார்த்த கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். மீஞ்சூரில் மார்க்கெட் வாசலில் இறங்கியபோது அங்கே நல்ல கூட்டம். பச்சையம்மா காரிலிருந்து இறங்கி, புடவையை உதறிச் சரிசெய்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனாள்.