கள்ளவிளக்கு

நிலாவை இப்படியே விட்டால் வாத்தியாருக்கு மூக்கு வியர்த்துவிடும், திருத்தினால் படம் செத்துவிடும், இரண்டில் எது தேவலை என்று கேட்டால்... படம்தான், வேறென்ன, அவர் மூக்கைத் துடைத்துக்கொள்ளட்டும், வீட்டில் துண்டுக்கா பஞ்சம், என்று மவுஸை நகர்த்தி, மலைக்குப் பின்னால் நிற்கும் சூரியனைத் தொடாமல், நிலாவின் முகத்துக்கு நேராக ஒரு கள்ளவிளக்கை வைத்தாள். கள்ளவிளக்கு என்பது அவளே வைத்த பெயர். கணினியில் இப்படி விண்வெளிக் காட்சிகள் செய்கிறவர்களுக்குக் கிடைத்த வரம் அது, எதன் மேல் விழச் சொல்கிறோமோ அதன் மேல் மட்டும் விழும், பக்கத்துப் பாறை மேல் ஒரு பொட்டு வெளிச்சம் சிந்தாது, விளக்கும் கண்ணுக்குத் தெரியாது, இவ்வளவு ஒழுங்கான விளக்கு நிஜ உலகத்தில் உண்டா என்ன? சூரியன் பின்னால் இருந்தால் நிலா நகக்கீற்றாகத்தான் தெரிய வேண்டுமாம், முழுசாகத் தெரியக் கூடாதாம். சொன்னவர் யார், கூடத்தில் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாரே அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர், அவர்தான். இந்த விளக்குக்குக் கரண்ட் பில் யாரு கட்டறது என்று ஒருமுறை கேட்டாரே மனுஷர்... இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வந்தது கோபம், அன்று முழுக்க அவருக்குக் காபியில் சர்க்கரை விழவில்லை.

பல் டாக்டரம்மா மதியத்துக்குள் படம் வேண்டும் என்றிருந்தாள், அச்சுக் கடைக்காரர் கடையைப் பாதி நாளில் மூடிவிடுவாராம். கூரையில் ஒட்டப் போகிற படம். நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்களுக்கு மேலே பார்க்க ஏதாவது வேண்டும், ஊசியை மறக்கிற மாதிரி ஏதாவது, என்று தேடிக்கொண்டு வந்தவள். இதுவரை அவள் செய்த கிரகங்களெல்லாம் யார் யாருடைய போன் திரையிலோ போய் உட்கார்ந்தவை, முகம் தெரியாதவர்கள் இறக்கிக்கொண்டு ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள், அத்தோடு சரி. இதுதான் முதன்முதலாக ஒரு அறை அகலத்துக்கு விரியப் போவது. அதனாலேயே பயந்துபோய், படித்தவர்கள் வந்து படுக்கிற இடமாயிற்றே என்று, போன வாரம் வாத்தியார் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுத் திருத்தி, நிலாவைத் தூர அனுப்பி, மேகத்தை அழித்து, வானத்தைக் கறுப்பாக்கி அனுப்பினாள். டாக்டரம்மா போனில், நல்லாத்தாங்க இருக்கு, பாடப் புத்தகத்துல வர்ற படம் மாதிரியே இருக்கு, என்றாள். அடடா, அடித்தாலும் பரவாயில்லை, இப்படித் தடவிக் கொடுத்துச் சொல்கிறாளே... வேறே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே சாப்பாட்டு வேளையில் வாத்தியாரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள், இந்தப் படம் கை மாறுற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. சரி, என்றார். ஒரு வார்த்தைகூட. சரின்னேனே. சத்தியமா? சாப்பிட விடு.

சத்தியம் கேட்டது தப்போ? இன்றைக்குக் காலையிலிருந்து கூடத்தில் சிவப்புப் பேனா தாளில் கீறுகிற சத்தம் மட்டும்தான், சர், சர், பாவம் எந்தப் பிள்ளை எந்த விசையை எங்கே தொலைத்ததோ. மற்ற லீவு நாளாக இருந்தால் இதற்குள் நாலு தடவை எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருப்பார். மின்விசிறி ஓடும்போதும் அவர் வந்து நிற்பது அவளுக்குத் தெரியும், முதுகுப் பக்கம் காற்று கொஞ்சம் நின்றுபோகும். அப்புறம் ஒரு கனைப்பு. அப்புறம், இந்த நிலா இவ்வளவு கிட்ட வந்தா துண்டு துண்டா உடைஞ்சிடும், தெரியுமில்ல? அதுதான் அவர் முதன்முதலில் சொன்னது. கல்யாணமாகி முதல் சில வருஷம் அந்த மனுஷர் அவளோடு பேசியதெல்லாம் பால் வந்துதா, கேஸ் தீர்ந்துதா, கதவைச் சாத்தினியா, அவ்வளவுதான், கல்லுளிமங்கன், வகுப்பில் மட்டும் தொண்டை வற்றப் பேசுவாராம், பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். அந்த நிலாவுக்காக அன்றைக்கு மட்டும் ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கம் எடுத்து, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கிரகம் எப்படி நிலாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து இழுக்கும் என்று விளக்கினார், நடுவில் அவள் பென்சிலைப் பிடுங்கி, உடைஞ்சா உடையட்டும், உடையறதுக்கு முந்தின நிமிஷத்தைத்தான் நான் வரைஞ்சிருக்கேன் என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவர் அதுவரை பார்த்ததில்லை. அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது, இருவரும் தீய்ந்த பருப்பையே சாப்பிட்டார்கள், சாப்பிடும்போதும் நிலாவைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

இப்போது ஏன் இதெல்லாம்... வேலையைப் பார். நிலா முழுசாக ஒளிர்ந்தது, ஏரியில் அதன் பிம்பம் நீளமாக விழுந்தது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. முதுகுப் பக்கம் காற்று நின்றது. வந்துவிட்டார்! தண்ணீர் செம்போடு நிற்கிறார் என்று திரையின் ஓரத்து மங்கலிலேயே தெரிந்தது. அவள் திரும்பவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டாள், கனைப்பு வரும், இதோ வரும்... ம், என்றார். அப்புறம், அழகா இருக்கு. செருப்புச் சத்தம் கூடத்துக்குப் போய்விட்டது. அழகா இருக்கா? நிலா முழு வட்டமாக நிற்கிறது, சூரியன் அதற்குப் பக்கத்திலேயே மலைக்குப் பின்னால் நிற்கிறது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷர், அழகா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார்! சத்தியத்தைக் காப்பாற்றுகிறாராம். சொன்னது சத்தியத்துக்காகவா நிஜமாகவா? நிஜமாக என்றால் சந்தோஷம், சத்தியத்துக்காக என்றால் யாருக்கு வேண்டும் அந்த அழகு, விடைத்தாளில் எல்லோருக்கும் போடுகிற கருணை மதிப்பெண் மாதிரி. இருக்கட்டும், வாயைப் பிடுங்காமல் விடுவதில்லை, எவ்வளவு நேரம்தான் அடக்குவார் பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது.

அருவியைப் பிடித்தாள். மலை முகட்டிலிருந்து ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்த அருவி, அதைத் தலைகீழாகத் திருப்பினாள், தண்ணீர் ஏரியிலிருந்து கிளம்பி மேலே ஏறி நிலாவை நோக்கிப் போயிற்று, போகட்டும், நிலாவுக்கும் தாகம் எடுக்காதா? செய்துவிட்டு நாற்காலியை வேண்டுமென்றே கிறீச்சென்று பின்னால் தள்ளி, முதுகை முறித்து, உரக்கக் கொட்டாவி விட்டாள். கூடத்தில் பேனா நின்றது. எழுந்து வந்தார். பார்த்தார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இதற்கு அவரால் நியாயம் சொல்ல முடியாது, தெரியும், உதடு துடித்ததுகூட அவளுக்குத் தெரிந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், போய்விட்டார், கல்லுளிமங்கன்தான் சந்தேகமில்லை. அவள் பட்டப்பகல் வானத்தில் நட்சத்திரத்தை அள்ளிக் கொட்டினாள், ஊதாவும் குங்கும நிறமுமாகப் புகை மேகத்தை எழுப்பினாள், காற்றே இல்லாத இடத்தில் மேகம் எப்படி என்று கேட்பாரே, கேட்கட்டுமே, வாயைத் திறந்து கேட்கட்டும் என்று வானத்தில் தொங்கிய பெரிய கிரகத்தின் வளையத்தை அந்த மேகத்துக்கு உள்ளே நுழைத்து வெளியே இழுத்தாள். ஒவ்வொரு அட்டூழியத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து எழுந்து சமையலறைக்குப் போய்வந்தாள், தான் இல்லாதபோது அவர் வந்து பார்க்கட்டும் என்று. பார்த்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு படகு. முன்பு எதற்கோ செய்து வைத்திருந்த சின்ன மரப்படகு, கயிறோடு கிடந்தது, அதை ஏரிக்கரையில் பாதி ஏற்றி நிறுத்தி, கயிற்றை ஒரு பாறையில் கட்டினாள், கட்டினால்தான் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எதிரே சூரியன் இருந்தால் படகின் நிழல் பார்க்கிறவர் பக்கம்தான் நீள வேண்டும், இதற்கு வாத்தியார் வேண்டாம், தெருவில் நடக்கிற யாருக்கும் தெரியும். அவள் இன்னொரு கள்ளவிளக்கை வைத்து நிழலைச் சூரியனை நோக்கியே அனுப்பினாள். இதற்கும் பேசாவிட்டால் அவர் வாத்தியாரே இல்லை. படம் கட்டம் கட்டமாக நிரம்பி வந்தது, கணினி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொரு சதுரமாக வைத்தது, மேகம், வளையம், மேலே போகிற அருவி, படகு, கடைசியாக அந்த நிழல்... அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. இதுதான். இதுதான் குறைந்திருந்தது. வெளிச்சத்தை விட்டு ஓடாமல் வெளிச்சத்தைப் பார்த்துக் கிடக்கிற அந்த ஒரு நிழல், அது வந்ததும் மேலே போகிற தண்ணீருக்கும் ஒரு அர்த்தம் வந்துவிட்டது, எல்லாம் ஒரே திசைக்குக் கிளம்பியிருக்கிறது, அந்த உலகத்துக்கு அப்படி ஆசை. வீம்புக்குச் செய்ததா இது? புருஷனைப் பேச வைக்கச் செய்ததா? அப்படியானால் போன படத்தில் அந்த இரண்டாம் சூரியன், அதற்கு முந்தியதில் பறக்கிற கடல்... அங்கே அவர் வந்து நிற்பார் என்று தெரிந்துதானே கை போயிற்று? அடிப்பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள், கன்னம் சூடாகிவிட்டது, இந்த வயதில் இதென்ன வெட்கம். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது, இனி யார் சொன்னாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை என்று படத்தை அனுப்பினாள். கொஞ்ச நேரத்திலேயே டாக்டரம்மாவிடமிருந்து பதில், இதைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா நான் பல்லைப் பிடுங்கினதுகூடத் தெரியாது போலிருக்கே!

ஜெயித்தாயிற்று. குதிக்க வேண்டும் போல இருந்தது, குதிக்காமல், கூடத்தைப் பார்த்து, போயிடுச்சு, இனிமே நீங்க பேசலாம், என்று குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி? அழகா இருக்கு என்று மறுபடி சொன்னால் என்ன செய்வது, அதோடு முடிந்ததே, நாளைக்கு எதைச் சொல்லி அவரை இங்கே நிற்க வைப்பது... வாத்தியார் வந்தார். வழக்கம் போல நிற்கவில்லை, சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், சிவப்புப் பேனா இன்னும் விரலிடுக்கில். திரையை வெகுநேரம் பார்த்தார். நிலா, நிழல், அருவி, எதையுமே கேட்கவில்லை.

"அந்தப் படகை யாரு கட்டினது?" என்றார்.

"நான்தான்."

"அதில்ல. படகு தானா கரையேறாது. யாரோ இழுத்து ஏத்தி, கயித்தைப் பாறையில முடிஞ்சிருக்காங்க. அவங்க எங்க போனாங்க?"

"யாருமில்லைங்க. அழகுக்கு வச்சேன்."

"திரும்பி வர்றவங்கதான் முடிச்சுப் போடுவாங்க" என்று அவர் திரையில் இன்னும் கிட்டப் போய், மலைக்கும் ஏரிக்கும் நடுவில் யாரையோ தேடுகிறவர் போல் பார்த்தார், அவளும் பார்த்தாள். இத்தனை வருஷமாக இத்தனை உலகம் செய்திருக்கிறாள், ஒன்றிலாவது ஒரு ஆள் உண்டா, ஒரு காலடித் தடம்? ஒருவரும் இல்லை. யாராவது உள்ளே போய் நடந்து பார்த்தார்கள் என்றால்... இந்த மனுஷர்தான், தரை தாங்குமா, நிலா தலையில் விழுமா, மூச்சு விடக் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்துவிட்டு வந்து சொன்னவர் இவர் ஒருத்தர்தான். தப்புக் கண்டுபிடிப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், குடியிருக்க முடியுமா என்றல்லவா பார்த்திருக்கிறார்... அப்படித்தானா? கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ரெண்டு பேரா இருக்கும்" என்றாள்.

"எப்படிச் சொல்ற?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.