ஓரமாகப் போக மாட்டோம்

விசாரணை அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பார்சல் பிரிக்கும் நீள மேசையின் தலைப்பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் எங்கள் கிளை மேலாளர். எதிரே முக்காலியில், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, என் தங்கை புருஷன். பத்து வருடமாகப் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறார். எந்த வளைவிலும் நிதானமாகவே வருவார், பிரேக்கைப் பாதிக்கு மேல் அழுத்த மாட்டார் என்பதால் கிளையில் அவருக்கு ‘அரைப்பிரேக்’ என்றே பெயர். வாசலில் மெக்கானிக், உடுப்பெல்லாம் கிரீஸ் என்று உட்கார மறுத்து நின்றார். என் தங்கையை யாரும் கூப்பிடவில்லை. ஒற்றைக் கையோடு அவரால் ஓட்ட முடியாதென்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவள், நாற்காலி இல்லாததால் எடை போடும் மேடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். முள் அறுபத்து மூன்றில் நின்றது. நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தோம். மேசைக் கோடியில், குறிப்பெடுக்க, நான். கிளையிலிருந்து போகும் கடிதங்களெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை மலைமேல். தலைமை அலுவலகம் கீழே, சமவெளியில். அங்கே சாலை அகலம்; லாரிகள் பறக்கும். நடுவில் போகிற இருசக்கர வண்டியைப் பின்னாலிருந்து தூக்கிவிடும். ஆகவே ஏழு வாரங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது: எல்லாக் கிளை ஓட்டுநர்களும் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓட்ட வேண்டும்.

மலையில் லாரி மூச்சுவாங்கிக்கொண்டு ஏறும். பின்னால் வந்து இடித்தது என்று இதுவரை ஒன்றுகூட இல்லை. இங்கே ஆபத்து ஓரத்தில்தான். மழை அடித்துக்கொண்டு வரும் சரளைக்கல் வளைவுகளின் ஓரத்தில் சேர்ந்து, வெயில் அடித்த பிறகும் அங்கேயே கிடக்கும். அதனால் எங்கள் ஆட்கள் சாலையில் தங்கள் பாதியின் நடுவில், ஹாரன் அடித்துக்கொண்டே திரும்புவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சுற்றறிக்கையைப் பெரிய அட்டையில் இரண்டு விரற்கடை உயர எழுத்தில் எழுதி, சாவிப் பலகைக்கு மேல் மாட்டி, ஒன்பது ஓட்டுநர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று மேலாளர் பாராட்டினார். இரண்டு நாள் நானும் அதைப் பார்த்துப் பூரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் வளைவில் மாப்பிள்ளை விழுந்தார்.

“இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகம். எதிர்ல வண்டி இல்ல, மழையும் இல்ல. அப்புறம் எப்படிங்க விழுவீங்க?” என்றார் அதிகாரி.

“சரளை சார்.”

“கீழ முந்நூறு பேர் ஓட்டுறாங்க. ஒருத்தர்கூட சரளைன்னு சொன்னதில்லையே.”

“கீழ சரளை இல்லையே சார்,” என்றாள் தங்கை.

“அம்மா, நீங்க பேசக் கூடாது.”

“நான் எங்க பேசினேன்? எடை பாத்துட்டு இருக்கேன்.”

மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“ஓரமா போகச் சொன்னீங்க, போனேன்,” என்றார் மாப்பிள்ளை. “பத்து வருஷமா போகாத இடத்துல போனேன். விழுந்தேன்.”

“ஓரமா போகச் சொன்னோம். கவனமா போகாதேன்னு சொன்னோமா?” அதிகாரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “இங்க பாருங்க, கீழ மூணு பேரை நான் என் கையால ரோட்டுலேருந்து எடுத்திருக்கேன். மூணு பேரும் நடுவுல போனவங்க. சும்மா ஒண்ணும் விதி போடல.”

“நம்புறேன் சார். கீழ வந்தா நானும் ஓரமாத்தான் போவேன். மேல வந்து மேல இருக்கற ரோட்டைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.”

“விதி தப்புன்னா மத்த எட்டுப் பேரும் விழுந்திருக்கணுமே? ஏழு வாரத்துல விழுந்தது நீங்க ஒருத்தர்தான்.”

மாப்பிள்ளை மேசையைப் பார்த்தார். விழுந்தவரின் ஓட்டும் அனுமதி நிறுத்தப்படும் என்று அதே சுற்றறிக்கையில் இருந்தது. அனுமதி போனால் எங்கள் நிறுவனத்தில் ஓட்டுநருக்கு வேறு வேலை கிடையாது. ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை எழுதினால் அவருடைய அனுமதி திரும்பி வராது. அவர் வாய் திறந்தால் இன்னும் சிலருடையதும் போகும்.

மெக்கானிக் திடீரென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு சாக்கு. அதை மேசையில் கவிழ்த்தார். வளைந்து நெளிந்த இரும்புகள் கடகடவென்று விழுந்தன.

“என்னய்யா இது?” என்று எழுந்தார் மேலாளர்.

“பைக்ல கால் வைக்கற கால்மிதி சார். எல்லாமே இடது, ஓரத்துல சாஞ்சு வளைஞ்சது. ஏழு வாரத்துல ஆறு மாத்தியிருக்கேன், மாப்பிள்ளையோடதைச் சேக்காம. அதுக்கு முன்னால ரெண்டு வருஷத்துல மாத்துனது மூணு.”

“யாரோட வண்டி?” என்றார் அதிகாரி.

“சொல்ல மாட்டேன். சொன்னா அவங்களையும் எழுதிப்புடுவீங்க.”

“பேர் இல்லாட்டா இது வெறும் பழைய இரும்பு. ஆதாரம் இல்ல.”

தங்கை மேடையிலிருந்து இறங்கினாள். முள் ஆடிக்கொண்டே சுழிக்கு வந்தது.

“சார், என் ஸ்கூட்டர் வெளியிலதான் நிக்குது. மூணாவது வளைவு ரெண்டு கிலோமீட்டர். நீங்க ஓரமா ஓட்டுங்க, நான் பின்னாடி உக்கார்றேன். விழுந்தா ரெண்டு பேரும் கவனக்குறைவுன்னு எழுதிக்கலாம்.”

அதிகாரி காகிதங்களை அடுக்கினார். தான் காரில் வந்திருப்பதாகச் சொன்னார். அறிக்கை ஐந்து மணிக்குக் கீழே வரும் தபால் பையில் வந்தாக வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் சத்தம் தேய்ந்ததும் மேலாளர் சொல்ல ஆரம்பித்தார்: “எழுது. ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்…”

நான் பேனாவை மூடினேன். “எழுத மாட்டேன் சார்.”

“தங்கச்சி புருஷன்னு பாக்கறியா?”

“அதுவும்தான். ஆனா அந்தச் சுவத்துல தொங்கறது என் எழுத்து. அதைப் படிச்சுட்டுத்தான் ஏழு தடவையும் போய் விழுந்திருக்காங்க.”

“வேலை போயிடும்யா.”

“போனா அதுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன்.”

“நீ எழுதற எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“வேண்டாம் சார். உங்க பேருக்கு இடமே விடப்போறதில்ல.”

புதுத் தாள் எடுத்தேன். எந்தத் தேதியில் எத்தனை கால்மிதி மாற்றினார் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, வரிசை எண் போட்டு எழுதினேன். சுற்றறிக்கையை எழுதி மாட்டியவன் நானே என்பதையும், தெரிந்தே வாய்மூடி இருந்தேன் என்பதையும் நான்காம் எண்ணில் எழுதினேன். கடைசி எண் இது: ‘சமவெளிச் சாலையில் இறங்கியதும் தங்கள் விதிப்படியே ஓரமாகச் செல்வோம். மலைச்சாலையில் ஓரமாகச் செல்ல மாட்டோம். இதற்காக ஒருவர் அனுமதியை ரத்து செய்வதானால் கீழே கையெழுத்திட்ட அனைவரின் அனுமதியையும் ரத்து செய்யவும்.’

‘கையெழுத்திட்ட அனைவர்’ என்று எழுதியபோது கையெழுத்து ஒன்றுகூட இல்லை. முதலில் நான் போட்டேன். மாப்பிள்ளை போட்டார். மெக்கானிக் கிரீஸ் விரலோடு போட்டார்.

நான்கு மணிக்கு மேல் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். முதலில் வந்தவர் எல்லோருக்கும் மூத்தவர், ‘சீனியர்’ என்போம். கடிதத்தை நின்றபடியே இரண்டு தரம் படித்தார். மேசையில் கிடந்த இரும்புகளைப் பார்த்தார்.

“இதுல ரெண்டு என்னோடது,” என்றார்.

“ரெண்டு தடவையா விழுந்தீங்க?”

“முதல் தடவை நம்பல.” சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கையில் காய்ந்த புண். தேதியும் வளைவும் எழுதி, பெயரைப் போட்டார்.

அடுத்து வந்தவர் படித்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனார். வரவில்லை. இன்னொருவர் படிக்காமலே சாவியை மாட்டிவிட்டு நடந்தார். அவர்களை நான் எதுவும் சொல்லவில்லை. ஏழு வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கப்புறம் வந்த இருவர் போட்டார்கள். ஒருவர் விழவே இல்லை.

“விழாத நீங்க எதுக்குப் போடறீங்க?” என்று தங்கை கேட்டாள்.

“நான் ஓரமா போகவே இல்லக்கா. மேலிடத்துல தெரிஞ்சுக்கட்டும்.”

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மீதி மூன்று ஓட்டுநர்கள் இன்னும் திரும்பவில்லை. கிளை முத்திரை மேலாளரின் இழுப்பறையில் இருந்தது. சாவியைக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரியென்று கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டுப் பசை தடவினேன். மடிப்பின் குறுக்கே, முத்திரை விழவேண்டிய இடத்தில், ஆறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டோம். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையால் உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டேன்.

சீனியர் உறையைப் பையில் வைத்துப் பூட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். வாசலைத் தாண்டியதும், தன் பாதியின் நடுவுக்கு வந்து, கீழே இறங்கிப் போனார்.